பிளாக் சப்பாத்தின் புகழ்பெற்ற பாடல்கள் தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுகின்றனவா?

பாளை கிட்டார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் (கனத்த ராக் இசை) குழுவை ஆல்பம் ஆல்பமாகக் கேட்டவர்கள் நெல்லைச் சீமையில் சிலராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதைக் கேட்கிறேன். ‘பேரனாய்டு’, ‘அயர்ன் மேன்’, ‘வார் பிக்ஸ்’ ஆகிய மூன்று பாடல்களும் அவற்றின் தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுகின்றன என்பது என் கருத்து. வீம்புக்காக இதைச் சொல்லவில்லை; காரணங்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

மூன்றுமே 1970 செப்டம்பரில் வெளியான ‘பேரனாய்டு’ என்ற ஒரே ஆல்பத்தைச் சேர்ந்தவை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பழைய நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக மேடையேறியபோது வாசித்தவை நான்கே பாடல்கள். அவற்றில் மூன்று இவை, மீதமிருந்த ‘என்.ஐ.பி.’ முதல் ஆல்பத்தில் உள்ளது. அந்த மாதம் 22ஆம் தேதி குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மறைந்தார். அதன் பிறகு வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் காணொளிகளிலும் திரும்பத் திரும்ப இதே மூன்று பாடல்கள்தாம் ஒலித்தன. ‘இன்டு தி வாய்ட்’, ‘ஹேண்ட் ஆஃப் டூம்’, ‘சிம்ப்டம் ஆஃப் தி யுனிவர்ஸ்’ போன்றவற்றை ஒருவர்கூட நினைவுகூரவில்லையே என்று எனக்கு மிகுந்த ஆதங்கம்.

‘பேரனாய்டு’, ஆல்பத்தில் இடம் நிரப்புவதற்காகக் கடைசி நேரத்தில் எழுதப்பட்ட பாடல் என்பதை அந்தக் குழுவினரே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ‘அயர்ன் மேன்’ பாடலிலோ, கிட்டார் எந்த வரியை வாசிக்கிறதோ அதையே குரலும் அப்படியே பின்தொடர்கிறது. பாடகருக்கென்று தனி மெட்டு கிடையாது. ‘வார் பிக்ஸ்’ பாடலின் முதல் இரண்டு வரிகளும் ஒரே சொல்லில் முடிகின்றன. இப்படி ஓர் இயைபை எழுதிக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் எங்கள் பள்ளித் தமிழாசிரியர் காதைத் திருகியிருப்பார்.

பாளையங்கோட்டையில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். ‘இன்டு தி வாய்ட்’ தொடங்கினால் கூட்டம் கைப்பேசியைப் பார்க்கக் குனிந்துகொள்கிறது. ‘அயர்ன் மேன்’ தொடங்கினால் அதே கைப்பேசிகள் படம்பிடிக்க உயர்கின்றன. டிசம்பரில் ஒரு கல்லூரி விழாவில் எங்களுக்குக் கொஞ்ச நேரம் தந்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் அடியோடு விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் வாசிக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கல்லிடை அண்ணாச்சி எழுதியது:

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்கள் உங்கள் முடிவைத் தாங்கி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் ‘பேரனாய்டு’. ஆல்பத்தில் இன்னும் மூன்று நிமிடம் குறைகிறது என்று தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் கேட்டுக்கொண்டதால், அந்த ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) கிட்டார் கலைஞர் டோனி அயோமி அங்கேயே உட்கார்ந்து உருவாக்கினார். பேஸ் கிட்டார் வாசிக்கும் கீஸர் பட்லர் அவசர அவசரமாக வரிகளை எழுதிக் கொடுக்க, ஓஸி தாளைப் பார்த்தபடியே பாடி முடித்தார். இவை எல்லாம் உண்மைதான். இரண்டு நிமிடம் 48 விநாடியில் முடியும் அந்தப் பாடல் இங்கிலாந்துப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. ‘வார் பிக்ஸ்’ என்று வைக்க எண்ணியிருந்த ஆல்பத்தின் பெயரையே மாற்ற வைத்ததும் அந்தப் பாடல்தான். உறையில் வாளும் கேடயமும் ஏந்தி ஒருவன் பாய்ந்து வருகிறானே, அவனுக்கும் ‘பேரனாய்டு’ என்ற தலைப்புக்கும் என்ன உறவு என்று குழம்பாதவர்கள் இருக்க முடியாது. பழைய தலைப்புக்காக எடுத்த படம் அப்படியே தங்கிவிட்டது. விரைவாகச் செய்யப்பட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு பாடலை எடைபோட முடியுமா? அந்தக் குழுவின் முதல் ஆல்பம் முழுவதுமே ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டதுதான். அதை நீங்கள் குறையாகச் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவதாக, புகழ் பற்றிய பேச்சு. அம்பாசமுத்திரம் போகும் ரயில் காருகுறிச்சியைக் கடக்கும்போது, பெட்டியில் இருக்கும் பெரியவர் எவராவது ‘சிங்கார வேலனே தேவா’ என்று முனகத் தொடங்குவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து ஒலித்த அந்த நாகசுரம்தான், கச்சேரிப் பக்கமே போகாத வீடுகளுக்கும் காருகுறிச்சி அருணாசலத்தைக் கொண்டு சேர்த்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, ராக ஆலாபனையில் மேதை என்று பெயரெடுத்த ஒருவரை ஒரு திரைப்பாட்டுக்குள் அடக்கிவிட்டார்களே என்று என் தகப்பனார் காலத்து ரசிகர்கள் கடைசிவரை குறைபட்டுக்கொண்டார்கள். படம் வந்து இரண்டே ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டதால் அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பாட்டில் அவர் வாசித்திருக்கும் ஆபேரியில் குறை என்ன இருக்கிறது? அதைக் கேட்டுவிட்டு அவருடைய கச்சேரிப் பதிவுகளைத் தேடிப் போனவர்களும் உண்டு. அதோடு நின்றவர்களும் உண்டு. நின்றவர்களை வைத்துப் பாட்டைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வண்ணார்பேட்டை பேஸ் எழுதியது:

அண்ணாச்சி சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பேஸ் வாசிப்பவள் என்ற முறையில் ‘அயர்ன் மேன்’ பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் தம்பி அந்தப் பாடலுக்குத்தான் அதிக அநீதி செய்திருக்கிறார்.

குரல் கிட்டாரைப் பின்தொடர்கிறது என்பது மேற்கத்திய விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. அவர்களுடைய இசையில் ஒரு குரலுக்கு எதிராகவோ துணையாகவோ இன்னொரு குரல் வேறு பாதையில் நடப்பதுதான் எதிர்பார்ப்பு. ஒன்றாக நடந்தால் அது கற்பனை வறட்சியாகத் தோன்றுகிறது. நாமோ பாடகர் ஒரு வரியைப் பாடும்போது வயலின் அதே வரியை நிழல்போலத் தொடர்வதையும், இரண்டு நாகசுரங்கள் ஒரே சங்கதியை இணைந்து வாசிப்பதையும் கேட்டு வளர்ந்தவர்கள். நம் செவிக்கு அது வறட்சி இல்லை, அழுத்தம். உலோகமாக இறுகிப்போன ஒரு மனிதனைப் பற்றிய பாடலில், குரலும் கிட்டாரும் பேஸும் ஒரே கோட்டில் கால் பதித்து நடப்பதைவிடப் பொருத்தமான வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. லண்டனில் சொன்ன குறையை நாம் ஏன் வண்ணார்பேட்டையில் உட்கார்ந்து திரும்பச் சொல்ல வேண்டும்?

அந்தப் பாடல் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். டிரம்மர் பில் வார்டின் பெரிய டிரம் தனியாக, சீராக, எந்த அலங்காரமும் இல்லாமல் விழுகிறது. அதன் மேல் கிட்டாரின் தடித்த தந்தி ஒன்று, இழுத்து விட்டதுபோல் முனகிக்கொண்டு ஏறி இறங்குகிறது. கழுத்தின் உச்சியில் தந்தி தங்கியிருக்கும் கட்டைக்கு அப்பால், முறுக்காணிகளுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினால் அந்த ஓசை பிறக்கும். வழக்கமாக அழுத்தும் இடத்தில் தந்தியை வளைத்தால் அது வராது. எங்கள் வீட்டில் இதை வாசித்துப் பார்த்தபோது எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டதா என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்.

பாடலின் கதையையும் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். 2008இல் வந்த அதே பெயருள்ள படத்தின் முடிவில் இந்தப் பாடல் ஒலிப்பதால், இரும்புக் கவச நாயகனுக்காக எழுதியது என்றே இளைஞர்கள் எண்ணுகிறார்கள். பட்லர் எழுதியது வேறு கதை. வருங்காலத்துக்குப் போய் உலகின் அழிவைக் கண்ட ஒருவன், திரும்பி வரும் வழியில் காந்தப் புலத்தில் சிக்கி உலோகமாகிவிடுகிறான். தான் கண்டதை எவரிடமும் சொல்ல முடியவில்லை, அவனைப் பொருட்படுத்தவும் ஆளில்லை. கடைசியில் தான் கண்ட அழிவை அவனே நிகழ்த்துகிறான்.

எனக்கும் இதில் ஒரு குறை உண்டு, ஆனால் அது பாடலின் மீது இல்லை. ஏறக்குறைய ஆறு நிமிடப் பாடல் இது. இடையிலும் முடிவிலும் தாளம் வேகம் எடுக்கிறது, முடிவில் பேஸ் ஓடும் ஓட்டம் தனியாகக் கேட்டு மகிழ வேண்டிய ஒன்று. விளம்பரங்களிலும் குறுங்காணொளிகளிலும் முதல் முப்பது விநாடியை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். புகழ்பெற்றது அந்த முப்பது விநாடிதான். பாடலை முழுதாகக் கேட்டவர்கள் ‘இன்டு தி வாய்ட்’ கேட்டவர்களைவிட ஒன்றும் அதிகமாக இருக்க மாட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பேட்டை ரசிகன் எழுதியது:

நான் பாளை கிட்டாரின் பக்கம். இருவரும் அந்தப் பாடல்கள் நல்லவை என்று நிறுவுகிறீர்கள். அதை அவர் மறுக்கவே இல்லையே. கிடைக்க வேண்டியதைவிட அதிகமாகக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. 1998இல் வெளியான மேடைப் பதிவிலிருந்த ‘அயர்ன் மேன்’ பாடலுக்கு 2000இல் கிராமி விருது கொடுத்தார்கள். முப்பது ஆண்டுப் பழைய பாடலுக்கு, அதுவும் இரண்டாம் முறை வாசித்ததற்கு விருது! இதைத் தகுதிக்கு மீறியது என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

செல்வாக்கை அளவுகோலாக எடுத்துக்கொண்டால், ஒரு வேலைநாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அயோமி பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அடிபட்டது. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பிபோல் செய்து, தோலை ஒட்டி மாட்டிக்கொண்டார். தடித்த தந்தியை அழுத்தினால் வலித்தது, ஆகவே மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பிறகு தந்தியின் இறுக்கத்தையே தளர்த்திச் சுருதியை இறக்கினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் சில பாடல்களில் சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கியிருக்கிறது. இன்று மந்தமான கனத்த மெட்டலை வாசிக்கும் அத்தனை குழுக்களும் அந்த இறக்கத்திலிருந்து வந்தவைதாம், ‘பேரனாய்டு’ பாடலின் வேகத்திலிருந்து வந்தவை அல்ல. ‘இன்டு தி வாய்ட்’ அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடல். அதற்கு உரிய இடத்தை இன்னொரு பாடல் அடைத்துக்கொண்டிருப்பதைத்தான் அவர் சொல்கிறார்.

காருகுறிச்சியார் உவமையும் எனக்குச் சரியாகப் படவில்லை, அண்ணாச்சி. அவர் புகழ்பெற்றது கச்சேரிக்கு வெளியே, திரைப்படத்தில். சப்பாத் குழுவோ தங்கள் மேடையிலேயே ஆண்டுக்கணக்கில் ‘பேரனாய்டு’ பாடலைக் கடைசிப் பாடலாக வாசித்து வந்தது. 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியும் அதோடுதான் முடிந்தது. ரசிகர்களை அந்தப் பாடலுக்குப் பழக்கியவர்கள் அவர்களேதாம்.

கல்லிடை அண்ணாச்சி எழுதியது:

பேட்டைத் தம்பி கிராமியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, விருது கொடுப்பவர்களிடமே கேட்க வேண்டும். சுருதி இறக்கத்தைப் பற்றிச் சொன்னதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. இந்த மூன்று பாடல்களும் எங்கே இருந்து பிடுங்கப்பட்டவை என்று பாருங்கள். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் வரிசை இது: ‘வார் பிக்ஸ்’, ‘பேரனாய்டு’, ‘பிளானட் கேரவன்’, ‘அயர்ன் மேன்’. ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் ‘வார் பிக்ஸ்’ முடியும் இடத்தில் பதிவு நாடாவின் வேகத்தைக் கூட்டி, ஓசை கீச்சென்று மேலே ஏறிப் பட்டென்று அறுந்துபோகும்படி செய்திருக்கிறார்கள். அந்த அறுபட்ட இடத்தில் மூச்சுவிடக்கூட நேரம் தராமல் ‘பேரனாய்டு’ பாய்கிறது. போரைப் பற்றிய நீண்ட பாடல் முடிந்ததும் மனம் நொந்த ஒரு தனிமனிதனின் புலம்பல் மூன்று நிமிடத்துக்குள் தொடங்கி முடிகிறது; அதற்குப் பல்லவி இல்லை, திரும்ப வந்து இளைப்பாற இடமில்லை. அந்த இடத்தில் வைத்துக் கேட்டால் அதன் அவசரம் குறையாகத் தெரிவதில்லை.

அடுத்து வரும் ‘பிளானட் கேரவன்’ பாடலில் ஓஸியின் குரலைச் சுழலும் ஒலிபெருக்கி வழியாக அனுப்பித் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆக்கியிருக்கிறார்கள். பில் வார்ட் டிரம்ஸை விட்டுவிட்டுக் காங்கோ என்ற கைமேளத்தை விரலால் தட்டுகிறார். மெட்டல் குழு என்பதே மறந்துபோகும் நான்கரை நிமிடம் அது. அதற்குப் பிறகுதான் அக்கா சொன்ன அந்தப் பெரிய டிரம் விழுகிறது. ‘பிளானட் கேரவன்’ கேட்டு அமைதியான செவியில் விழும் முதல் அடிக்கும், காணொளிப் பட்டியலில் ஏதோ ஒரு விளம்பரத்துக்குப் பின்னால் விழும் அதே அடிக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். நான் கேசட் காலத்து ஆள். பாடலைத் தாண்டிப் போக வேண்டுமானால் பொத்தானை அழுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்ற சோம்பலிலேயே வரிசை மாறாமல் கேட்டுப் பழகிவிட்டேன்.

என்னைக் கேட்டால், இந்தப் பாடல்களுக்குக் கிடைத்த புகழ் மிகையா இல்லையா என்பதைவிட, அந்தப் புகழ் அவற்றைத் தனித்தனியாகக் கிள்ளி எடுத்துவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தம்பி டிசம்பரில் மூன்றையும் விட்டுவிட வேண்டாம். முதல் பக்கத்தை அப்படியே வரிசையாக வாசியுங்கள். மொத்தம் 21 நிமிடம்தான் வரும்.

பாளை கிட்டார் எழுதியது:

நன்றி, அண்ணாச்சி. முதல் பக்கத்தை நேற்று இரவு ஹெட்ஃபோன் மாட்டி வரிசையாகக் கேட்டேன். ‘பேரனாய்டு’ பற்றி நீங்கள் சொன்னது பொருந்துகிறது. ‘வார் பிக்ஸ்’ முடியும் அந்தக் கீச்சொலிக்குப் பின்னால் அது வேறு பாடலாகவே ஒலிக்கிறது. ‘அயர்ன் மேன்’ பற்றிய என் கருத்து அவ்வளவாக மாறவில்லை. நடுவில் அந்த ரிஃப் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் இன்னும் எனக்குச் சலிப்புத்தான். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘இன்டு தி வாய்ட்’ உயர்ந்தது என்பதிலும் நானும் பேட்டை ரசிகரும் ஒரே அணியில்தான் இருக்கிறோம்.

விழாக் குழுவினர் 25 நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பக்கத்தை வாசித்தால் ஏற்பாட்டுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. நாடாவை வேகமாக ஓட்டியதுபோன்ற அந்த முடிவை மேடையில் எப்படிக் கொண்டுவருவது? ‘பிளானட் கேரவன்’ பாடலுக்குக் காங்கோ வாசிக்க எங்களிடம் ஆள் இல்லை. எங்கள் டிரம்மர் குச்சி இல்லாமல் எதையும் தொட மாட்டேன் என்கிறான். மெதுவான பாடல் வரும்போது கூட்டம் எழுந்து போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது, அது தனி.

வண்ணார்பேட்டை பேஸ் எழுதியது:

கோபம் எல்லாம் இல்லை. சலிப்பு வரும் இடத்தில் கிட்டாரை விட்டுவிட்டுப் பட்லர் என்ன வாசிக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள், அவ்வளவுதான்.

முடிவுக்கு நாடா வித்தை தேவையில்லை. டிரம்மரும் நீங்களும் கடைசிச் சுற்றுகளில் காலத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், ஒரே அடியில் நிறுத்துங்கள். நிறுத்திய அடுத்த நொடியில் ‘பேரனாய்டு’ ரிஃப் வந்துவிட வேண்டும். இடையில் கைதட்டலுக்கு இடம் கொடுத்தால் எல்லாம் போயிற்று. இதை மட்டும் தனியாகப் பத்து இருபது முறை ஒத்திகை பாருங்கள்.

காங்கோவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோயில் கொடைகளில் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் குழுக்கள் எல்லாவற்றிலும் காங்கோ வாசிப்பவர் ஒருவர் இருப்பார். பழைய திரைப்பாடல்களுக்கு மணிக்கணக்கில் வாசித்துப் பழகிய கைகள். ‘பிளானட் கேரவன்’ அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மேலப்பாளையத்தில் இருக்கிறார், மார்கழியில் கச்சேரி குறைவு என்பதால் வருவார். பாடலை அனுப்பி வையுங்கள், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். சம்பளம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பேட்டை ரசிகன் எழுதியது:

25 நிமிடத்தில் 21 போனால் மிச்சம் நான்கு. ‘இன்டு தி வாய்ட்’ ஆறு நிமிடத்துக்கு மேல். விழாக் குழுவிடம் இன்னும் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்களேன், தம்பி. கொடுத்தால் நான் முன்வரிசையில் இருப்பேன்.